இரண்டும் விட்டுவைத்த பச்சை

வாசலூர்பட்டி
14.6.2025

கொழுந்தன் பூபதிக்கு,

உன் அண்ணி பாவாயி எழுதுவது. சுவரிலும் போர்டிலும் எழுதிப் பழகிய கை, எழுத்து பெரிதாகத்தான் வரும். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் அடங்குகிறது. நீ கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் முருகானந்தம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, பெங்களூர்ல இருந்து கையால எழுதுன கடுதாசிங்க. யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். "இல்லீங்க, ஒருத்தருக்குப் புத்தி வந்திருக்குது" என்றேன்.

ஒன்றரை வருடமாக நீ போன் அடிக்கிறாய், நான் எடுப்பதில்லை. ஏன் என்று மறந்திருப்பாய், பெரிய வேலைக்காரன். நானே சொல்கிறேன். காளப்பநாயக்கன்பட்டியில் புது வீடு கட்டினாய். முன்சுவருக்குக் கம்ப்யூட்டரில் நிறம் கலந்து, காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தாய். அழகான சாம்பல். "வெள்ளை பெயிண்டுல நீல ஸ்டெய்னரும் மஞ்சள் ஸ்டெய்னரும் சரிபாதி ஊத்துங்க அண்ணி, இதே கலர் வரும்" என்றாய். "வராது கண்ணு, பச்சைதான் வரும்" என்றேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? சொன்னதை மட்டும் செய்யுங்க" என்றாய். செய்தேன். பச்சை வந்தது.

புதுமனை விசேஷத்தன்று பந்தி நடக்கும்போது அத்தனை சனத்துக்கு நடுவில் நீ சொன்னது: "அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்." இலையில் வைத்த லட்டைத் தொடாமல் எழுந்து கடைசி பஸ் ஏறினேன். மலையேறுகிற எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த லட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. முந்திரி போட்ட லட்டு.

இப்போது எழுதியிருக்கிறாய். உன் கம்பெனி செய்கிற படம் வரையும் ஆப்பில் நீலத்தையும் மஞ்சளையும் தூரிகையால் குழைத்தால் சாம்பல் வருகிறதாம். வரைகிறவர்கள் சிரிக்கிறார்களாம். ஆகஸ்ட் பதினான்காம் தேதி அதை வாங்க வருகிற ஓவியர்களுக்குக் காட்டும்போது நிஜ பெயிண்ட் மாதிரி கலக்காவிட்டால், உன் ஆறு பேர் கூட்டத்தையே கலைத்துவிடுவார்களாம். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், பின்கட்டில் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்த உன் அண்ணன் பிசின் கையோடு ஓடி வந்துவிட்டார்.

உதவி செய்கிறேன். இரண்டு கட்டளை. ஒன்று, போன் கிடையாது. எதுவானாலும் கடிதம். இரண்டு, ஆப்பில் பச்சை வந்துவிட்டால், எந்தச் சனத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னாயோ அதே சனத்துக்கு முன்னால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

சம்மதமா?

அஞ்சாங்கிளாஸ் அண்ணி,
பாவாயி


பெங்களூரு
20.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் மன்னிப்பு. இந்த வரியை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் அலுவலகக் கடிதம் போலவே வருகிறது. லட்டுக்கும் சேர்த்து மன்னியுங்கள்.

அன்று நான் கம்ப்யூட்டரை நம்பியதில் தவறு எங்கே என்று இப்போதுதான் தெரிகிறது. திரையில் இருப்பது சாயம் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்குகள். அங்கே மஞ்சள் என்பது சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து எரிவது. அதோடு நீலத்தைப் பாதிக்குப் பாதி சேர்த்தால் மூன்றும் அரை அளவில் எரியும். அதுதான் அந்தச் சாம்பல். நான் உங்களிடம் விளக்கு வெளிச்சத்தை வாளியில் கலக்கச் சொல்லியிருக்கிறேன்.

சாயத்துக்கென்று பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சாயமும் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரிந்தால், எதை எதோடு கலந்தாலும் என்ன நிறம் வரும் என்று சொல்லிவிடலாம். அந்த எண்கள்தான் எங்களிடம் இல்லை. நிஜமாகப் பூசிய காகிதம் வேண்டும். போட்டோ உதவாது, கேமராவும் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். காகிதம் தபாலில் வந்தால், எங்களிடம் உள்ள கைக்கருவியை அதன் மேல் வைத்து அளந்துகொள்வோம். ஆகவே போன் கிடையாது என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை நான்கையும் தனித்தனியாகவும், பிறகு ஒவ்வொன்றையும் வெள்ளையோடு கலந்தும் பூசி அனுப்புங்கள். எதில் எத்தனை பங்கு என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கட்டளையைப் பற்றி... முதலில் பச்சை வரட்டும் அண்ணி. பிறகு பேசலாமே?

பூபதி


வாசலூர்பட்டி
1.7.2025

"பிறகு பேசலாமே" கொழுந்தனுக்கு,

பிறகு பேசலாம் என்று நீ எழுதியதை வெட்டி, பெயிண்ட் டப்பா மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் படித்துக்கொள்வேன்.

இத்துடன் இருபத்தொரு அட்டை. பொன்னாத்தாள் அத்தை மகள் சுமித்ராவுக்கு ஆகஸ்ட் 29 கல்யாணம் அல்லவா. பத்திரிகையில் கிழமையைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். வெள்ளிக்குப் பதில் வியாழன். அத்தை பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கி எறியப் போனார். "என்ற கிட்ட குடுங்க அத்தை, வெள்ளையும் வழவழப்புமா இருக்குது" என்று வாங்கிக்கொண்டேன். பின்பக்கம்தான் பூசியிருக்கிறேன். உன் ஆட்கள் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு நாள் முன்னாடியே கல்யாணத்துக்கு வந்து நிற்கப் போகிறார்கள், சொல்லி வை.

சாரல் விடவில்லை. ஒரு பூச்சு காய மூன்று நாள். அதனால்தான் தாமதம்.

ஒவ்வொரு அட்டையிலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். நீ கேட்கவில்லை. அது என் பழக்கம். புது டப்பா வாங்கினால் கறுப்புக் கோட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். கோடு மறைந்தால் பெயிண்ட். மறையாவிட்டால் கலர் தண்ணி, கடைக்காரனிடமே போய்விடும். உனக்கு வேண்டாம் என்றால் கோட்டை விட்டுவிட்டு மற்றதை அளந்துகொள்.

இன்னொன்று. உன் வீட்டுச் சுவருக்குச் சொன்னாயே சரிபாதி, அந்தப் பேச்சையே விடு. நீலம் ஒரு ரவுடி. ஒரு சொட்டு உள்ளே வந்தால் வாளி முழுக்க அவன் பேச்சுத்தான். மஞ்சள் சாது. ஆறு சொட்டு சேர்ந்து போனால்தான் நீலம் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். சிவப்பு பேசாமல் வந்து ஓரத்தில் நிற்கும், ஆனால் நின்றது எல்லோருக்கும் தெரியும். வெள்ளை யாரோடும் சண்டை போடாது, எல்லோருடைய வாயையும் அடக்கிவிடும். நம் சொந்தக்காரர்கள் மாதிரிதான். நீ யார் என்று நான் சொல்லமாட்டேன்.

பாவாயி


பெங்களூரு
11.7.2025

அன்புள்ள அண்ணி,

பச்சை வந்துவிட்டது! நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடம். திரையில் நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்தேன், இலைப் பச்சை. என் குழுவில் உள்ள கன்னடப் பையன் மேசை மேல் ஏறி நின்றுவிட்டான்.

அந்தக் கறுப்புக் கோடு! நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டது அதுதான். ஒரு சாயம் ஒளியை விழுங்குவது ஒரு குணம், திருப்பி அனுப்புவது இன்னொரு குணம். வெள்ளைக் காகிதத்தில் மட்டும் பூசினால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். ஒரே பூச்சைக் கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் அளந்தால் இரண்டும் பிரிந்து வந்துவிடும். இரண்டு மாதமாக நாங்கள் தேடிய எண்கள் உங்கள் அட்டையின் நடுவில் இருந்தன.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் பச்சை என்று. நீலச் சாயம் சிவப்பு ஒளியையும் மஞ்சள் ஒளியையும் தின்றுவிடும். மஞ்சள் சாயம் நீல ஒளியைத் தின்றுவிடும். இரண்டும் சேர்ந்தால், இருவரும் தின்னாமல் விட்டுவைப்பது பச்சை ஒளி ஒன்றுதான். அதுதான் நம் கண்ணுக்கு வருகிறது.

நீலம் ரவுடி என்று எழுதியிருந்தீர்கள். சாயத்துக்குச் சாயம் பலம் மாறும் என்பதை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது சேர்த்துவிட்டோம். அந்த எண்ணுக்குப் பையன்கள் ரவுடி எண் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் வந்ததும் "அண்ணி லெட்டர் வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள், தமிழ் தெரியாதவர்களும்.

இன்னும் முழுதாக ஜெயிக்கவில்லை. ஆகஸ்ட் 14 அன்று மேசையில் உங்களுடைய அதே நான்கு டப்பாக்களை வைப்போம். வருகிற ஓவியர் தன் இஷ்டத்துக்கு ஒரு கலவை பூசிக் கொடுப்பார். எதில் எத்தனை பங்கு என்று எங்கள் ஆப் சொல்லி, திரையிலும் அதே நிறத்தைக் கலந்து காட்ட வேண்டும். முதலாளி வைத்த பரீட்சை இது. அதற்கு முன் நீங்கள் ஒரு பரீட்சை வையுங்கள். என்ன கலந்தீர்கள் என்று சொல்லாமல் ஒரு அட்டை அனுப்புங்கள்.

பூபதி


வாசலூர்பட்டி
19.7.2025

கண்ணு பூபதி,

அப்படியானால் பச்சை என்பது இரண்டு பேர் தின்றுவிட்டு விட்டுவைத்த மிச்சமா? உன் அண்ணனிடம் சொன்னேன். ஜன்னலில் நின்று மலை முழுக்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மிச்சமா!" என்றார்.

பரீட்சை அட்டை ஒன்று இத்துடன். விடை தனிக் கவரில், பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். உன் கம்ப்யூட்டர் பெட்டி சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும். முன்னாலேயே பிரித்துப் பார்க்கிற ஆள்தான் நீ. ஆறாம் வகுப்பில் கோனார் வாத்தியார் வீட்டு ஜன்னல் வழியாக விடைத்தாளை எட்டிப் பார்த்து முட்டி பெயர்த்துக்கொண்டவன். மருந்து போட்டது நான்.

இங்கே எனக்கு மூச்சு விட நேரம் இல்லை. ஆடி மாத ஓரி விழாவுக்குக் கூட்டம் வரும், ஏரிக்குப் போகிற வழி முழுக்க மதில் சுவரில் "படகு சவாரி இப்பக்கம்" என்று சிவப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது சுவரில் "இப்பக்கம்" எழுதிவிட்டு அம்புக்குறியை அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். ஒரு வேன் நிறைய ஆட்கள் அன்னாசித் தோட்டத்துக்குள் போய் நின்றார்கள். எழுத்துக்கு நடுவில்தான் எழுந்து வந்து உன் அட்டையையும் பூசினேன்.

இரண்டாவது கட்டளைக்கு இன்னும் பதில் இல்லை. மூடியில் ஒட்டிய காகிதம் பத்திரமாக இருக்கிறது.

பாவாயி


பெங்களூரு
29.7.2025

அன்புள்ள அண்ணி,

சந்தோஷமான கடிதம் இல்லை.

உங்கள் அட்டையை அளந்து ஆப்பிடம் கொடுத்தோம். நீலம் ஒரு பங்கு, மஞ்சள் ஆறு, வெள்ளை பத்து. அதோடு சிவப்பு, நூற்றில் ஒரு பங்கு. எல்லோரும் சுற்றி நிற்க உங்கள் கவரைப் பிரித்தேன். நீலம் ஒன்று, மஞ்சள் ஆறு, வெள்ளை பத்து என்று சுவர் எழுத்தில் எழுதியிருந்தீர்கள். சிவப்பு இல்லை.

இல்லாத சிவப்பை அது சொல்கிறது. நான்கு நாளாக எங்கே பிழை என்று தேடுகிறோம். கருவியை மாற்றினோம். கணக்கை முதலிலிருந்து போட்டோம். எத்தனை முறை கேட்டாலும் சிவப்பு இருக்கிறது என்றே சாதிக்கிறது. மற்ற அட்டைகளில் இந்தத் தொல்லை இல்லை.

நூற்றில் ஒன்று சின்னப் பிழைதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஓவியர்கள் முன்னால் போடாத சாயத்தைப் போட்டதாகச் சொன்னால், மறுபடியும் சிரிப்புத்தான். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரை பார்த்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருக்கிறது. இந்த ஆறு பேருக்கும் நான்தான் தைரியம் சொல்லி இழுத்துவந்தேன்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் செய்தது எல்லாம் சரி.

பூபதி


வாசலூர்பட்டி
2.8.2025
ஸ்பீடு போஸ்ட்

மடக் கொழுந்தனுக்கு,

யாரிடமும் எதுவும் சொல்லாதே. பொறு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக பிரஷ் வைக்கிற டப்பாவுக்குப் போனேன். உன் அட்டையைப் பூசிய பிரஷ்ஷை எடுத்துத் தண்ணீரில் நனைத்து நாரின் வேரில் பிழிந்தேன். சிவப்புத் தண்ணீர் வந்தது.

"படகு சவாரி" எழுதிக்கொண்டிருந்த பிரஷ். கழுவ நேரமில்லாமல் துணியில் துடைத்துவிட்டுப் பச்சையில் விட்டேன். துணியில் துடைத்தால் நுனிதான் சுத்தமாகும், வேரில் நிற்கும். இருபத்தேழு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்வதை நானே மறந்தேன். என் கண்ணுக்கே தெரியாத சிவப்பு. உன் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது! உன் அண்ணனிடம் சொன்னேன். "ஒன்ற கள்ளத்தனத்த கண்டுபிடிக்க ஒரு மெஷின் வந்திருச்சா, எனக்கொண்ணு வாங்கித் தரச் சொல்லு" என்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணி தைரியத்துக்குச் சொல்கிறாள் என்று நினைப்பாய். அதனால் அடுப்பருகே வைத்துக் காயவைத்த இரண்டு அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே கலவை. ஒன்று நன்றாக அலசிய பிரஷ், இன்னொன்று சிவப்பைத் துடைத்த பிரஷ். ஓரத்தில் 1, 2 என்று எண் மட்டும் போட்டிருக்கிறேன், எது எந்த பிரஷ் என்று எழுதவில்லை, விடைக் கவரும் இல்லை. உன் பெட்டியையே கேள்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்று நான் பச்சை வரும் என்றேன், நீ நம்பவில்லை. இன்று நீயே செய்த பெட்டி சிவப்பு இருக்கிறது என்கிறது, அதையும் நம்பவில்லை. உனக்கு யாரைத்தான் நம்பத் தெரியும் கண்ணு?

பிரஷ்ஷைப் பற்றி ஒப்புக்கொண்டதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உன் சுவரில் ஒரு முழம் பூசியதுமே பச்சை என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தி உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நிறுத்தவில்லை. மேலே ஏணி போட்டு, மூன்று பூச்சு, மூலை முடுக்கு விடாமல் பூசினேன். விசேஷத்தன்று உன் மூஞ்சி எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை. பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய்.

அதனால் இரண்டாவது கட்டளையில் பாதி குறைத்துக்கொள்கிறேன். பொன்னாத்தாள் அத்தை காதில் மட்டும் சொன்னால் போதும். ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜெயித்துவிட்டு எழுது.

பாவாயி


பெங்களூரு
15.8.2025

அன்புள்ள அண்ணி,

இரண்டாவது அட்டைதான் கழுவாத பிரஷ். சரிதானே? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இந்த முறை பெட்டியை நம்பினேன்.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். பன்னிரண்டு ஓவியர்கள் வந்திருந்தார்கள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிற பிரபாவதி என்ற அம்மா முதலில் எழுந்தார். அவர்தான் போன வருடம் எங்கள் சாம்பலைப் பார்த்துச் சிரித்தவர். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதலில் ஒரு கலவை போட்டுப் பார்த்தார், பிடிக்காமல் கிழித்தார், இன்னொன்று போட்டுக் கொடுத்தார். அழகான மாம்பழ நிறம்.

ஆப் சொன்னது: மஞ்சள் எட்டு, சிவப்பு ஒன்று, வெள்ளை ஐந்து. நீலம், நூற்றில் அரைப் பங்கு.

"நீலமா? நான் நீல டப்பாவைத் தொடவே இல்லையே" என்றார் அவர். முதலாளி என்னைப் பார்த்தார். போன மாதம் என்றால் "சின்னப் பிழை, மன்னியுங்கள்" என்று நானே சொல்லியிருப்பேன். நேற்று நான் கேட்டது இதுதான்: "முதலில் கிழித்துப் போட்டீர்களே, அதில் நீலம் இருந்ததா? பிறகு பிரஷ்ஷைக் கழுவினீர்களா, துடைத்தீர்களா?"

அந்த அம்மா பிரஷ்ஷை எடுத்தார். தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் பிழிந்தார். இளநீலம்.

அந்தத் துணியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார் அண்ணி, கொடி காட்டுவது போல. பன்னிரண்டு பேரும் எழுந்து கைதட்டினார்கள். அதன் பிறகு யாரும் பரீட்சை வைக்கவில்லை. வரிசையில் நின்று, நீலத்தையும் மஞ்சளையும் திரையில் குழைத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே அனுப்ப முடியவில்லை, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. ஆறு பேரும் இருக்கிறோம். அடுத்த ஆப்பும் எங்களுக்குத்தான்.

சுவரில் நீங்கள் வேண்டுமென்றே பூசினீர்கள் என்று படித்தபோது கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மூன்று பூச்சா?

29ஆம் தேதி கல்யாணத்துக்கு வருகிறேன். கட்டளையில் பாதியைக் குறைக்க வேண்டாம்.

பூபதி


வாசலூர்பட்டி
1.9.2025

மைக் பிடித்த கொழுந்தனுக்கு,

நேரில் பார்த்து மூன்று நாள்தான் ஆகிறது, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எழுதிப் பழகிவிட்டேன். முருகானந்தமும் "ஏனுங்க, பெங்களூருக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்று வாசலில் நின்று கேட்கிறார்.

இரண்டாவது அட்டைதான். சரி.

பந்தி நடக்கும்போது, இலைக்கு உட்காரச் சொல்லிக் கூப்பிடுகிற மைக்கை நீ பிடுங்கினாய். "என்ற ஊட்டுச் சுவரு பச்சையானது அண்ணி தப்பு இல்லீங்க. கலக்கத் தெரியாம சொன்னது நானு. கலர் தெரிஞ்சது அவங்களுக்கு. அன்னிக்கு இதே மாதிரி பந்தியில நான் சொன்ன வார்த்தைய இன்னிக்குத் திருப்பி எடுத்துக்கறேன்." அப்படியே சொன்னாய். ஒரு எழுத்துக் குறையவில்லை. சாம்பார் வாளியோடு போனவன் நின்றுவிட்டான்.

பொன்னாத்தாள் அத்தை விடுவாரா? "அப்ப ஒன்ற பொட்டிக்கு வாத்தியாரே நம்ம பாவாயிதானா?" என்று உரக்கக் கேட்டார். "ஆமாங்க அத்தை" என்றாய். "அப்ப சுவத்த மறுபடி பூசோணுமா?" என்றார். "வேண்டாங்க, பச்சையே இருக்கட்டும்" என்றாய். உன் அண்ணன் கண்ணைத் துடைத்தார். மிளகாய் கடித்துவிட்டேன் என்கிறார். அவர் இலையில் மிளகாயே இல்லை, நான் பார்த்தேன்.

நான் வேண்டுமென்றே மூன்று பூச்சுப் பூசியதை மட்டும் நீ மைக்கில் சொல்லவில்லை. அதையும் கவனித்தேன். நானே எழுந்து சொல்லியிருப்பேன். ஆனால் நீ கொண்டுவந்து வைத்த லட்டு வாயில் இருந்தது.

மூடியில் ஒட்டிய "பிறகு பேசலாமே"யைக் கிழித்துவிட்டேன். பிரஷ்களை எல்லாம் அலசிக் காயவைத்துவிட்டேன், வேர் வரைக்கும். இனி போன் அடி. எடுக்கிறேன். முதல் மூன்று தடவை மணி அடிக்கையில் எடுக்கமாட்டேன், நான்காவதில் எடுப்பேன். நடுவில் வைத்துவிடாதே.

அண்ணி,
பாவாயி